ரேம் வாங்க மலை இறங்கும் முன்: திணறும் கம்ப்யூட்டரில் மெமரி அமைப்புகளைச் சரிசெய்யும் முறை

ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வது, "ரேம் பத்தல, கீழ போறப்ப ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க." கீழே என்றால் கோவை. ஊட்டியிலிருந்து ஒரு பக்கம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். போக வர ஒரு நாள் காலி. வாங்கி வந்த ரேம் போர்டில் பொருந்தாவிட்டால் இன்னொரு நாளும் போச்சு. ஆனால் பல நேரம் ரேம் போதுமான அளவுக்கு இருக்கும். எங்கோ ஒரு தவறான டிக், யாரோ எப்போதோ குறைத்து வைத்த ஒரு எண், நிரம்பிக் கிடக்கும் சி டிரைவ், இவற்றில் ஒன்றுதான் அதைக் கட்டிப்போட்டிருக்கும்.

இந்த வழிகாட்டி தேயிலை ஃபேக்டரி ஆபீஸ், இ-சேவை மையம், ஹோம்ஸ்டே, காய்கறி மண்டி, டிராவல்ஸ் மாதிரியான இடங்களில் இருக்கும் 4 அல்லது 8 ஜிபி ரேம் கொண்ட விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களுக்கானது. டேலி, எக்செல், கிரோமில் பத்துப் பதினைந்து டேப், வாட்ஸ்அப் வெப்: பெரும்பாலும் இவ்வளவுதான் ஓடும். மெனு பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் இருக்கிறபடியே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஆறு படிகளுக்குக் காசு செலவில்லை. 64 பிட் விண்டோஸுக்கு மாற வேண்டி வந்தால் (மூன்றாம் படியில் வரும்) தவிர, எல்லாம் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடியும்.

1. கை வைப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கம்ப்யூட்டர் வாங்கிய பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடி எடுங்கள். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்தத் தாளையும் படியுங்கள். வெளியாள் கேபினெட்டைத் திறந்தால் ஒப்பந்தம் செல்லாது என்று சிலர் எழுதி வைத்திருப்பார்கள். அமைப்புகளை மாற்றுவதற்கு அது தடையில்லை. ரேம் போடும்போதுதான் பிரச்சினை வரும்.

டேலி டேட்டா ஃபோல்டர், எக்செல் கணக்குகள், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பார்ப்பது நல்லது.

லேப்டாப்பாக இருந்தால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீ முக்கியம். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் இயங்கும் அடிப்படை அமைப்பு) சின்ன மாற்றம் செய்தாலும் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிடலாம். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரை வாங்கிய நாளில் கடைக்காரரே தன் மெயில் ஐடியில் கணக்குத் தொடங்கித் தந்திருந்தால், அந்த எண் அவர் கணக்கில்தான் கிடக்கும். இதை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

அட்மின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்குங்கள். ஒவ்வொரு அமைப்பையும் மாற்றும் முன் அந்தத் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பழையபடி வைக்க அதைவிட எளிய வழி கிடையாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலைதான். இலைப் பணம் போடும் நாள், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாள், சீசன் சனி ஞாயிறு, இவை வேண்டாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில் எண்களைக் குறியுங்கள்

காலையில் ஆன் செய்தவுடன் பார்த்தால் எந்தக் கம்ப்யூட்டரும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். டேலி, கிரோம், எக்செல் எல்லாம் திறந்து, கம்ப்யூட்டர் திணறுகிற அதே நேரத்தில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: மேலே வலது மூலையில் உள்ள மொத்த ரேம், இன் யூஸ், அவெய்லபிள், கமிட்டெட், ஹார்ட்வேர் ரிசர்வ்டு, ஸ்லாட்ஸ் யூஸ்டு, ஸ்பீடு, ஃபார்ம் ஃபேக்டர். பிறகு இடப்பக்கம் டிஸ்க் எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

இந்தத் தாள்தான் மீதி வேலைக்கெல்லாம் ஆதாரம்.

கேஷ்டு என்ற எண்ணைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். மறுபடி உதவும் என்று விண்டோஸ் ரேமில் விட்டு வைத்திருக்கும் அளவு அது; பஸ்ஸில் காலி சீட்டில் உட்கார்ந்திருக்கிற கண்டக்டர் மாதிரி. பயணி வந்தால் எழுந்துவிடுவார். அவெய்லபிள் என்ற எண்ணில் அதுவும் சேர்ந்துதான் கணக்காகிறது.

கவனிக்க வேண்டியது கமிட்டெட். '7.2/7.9 ஜிபி' என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். வலது எண், ரேமும் பேஜ் ஃபைலும் (ரேம் நெருக்கும்போது விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம், ஐந்தாம் படியில் வரும்) சேர்ந்த மொத்த வரம்பு. இடது எண், ஓடும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருக்கும் அளவு. இடது எண் வலது எண்ணைத் தொடப்போகும்போதுதான் 'அவுட் ஆஃப் மெமரி' என்று பெட்டி வரும், கிரோம் டேப் செத்துப்போகும், எக்செல் சேவ் செய்ய மறுக்கும். ரேம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இது நடக்கலாம் என்பதுதான் ஆட்களைக் குழப்புகிறது.

தாளில் எழுதியதை இப்படிப் படியுங்கள். அவெய்லபிள் 1.5 ஜிபிக்கு மேல் இருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் குறை ரேமில் இல்லை. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். டாஸ்க் மேனேஜரிலேயே டிஸ்க் என்பதற்குக் கீழ் ஹெச்டிடி (சுழலும் ஹார்டு டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) என்று எழுதியிருக்கும். இந்த நிலையில் கையில் இருக்கும் பணம் முதலில் எஸ்எஸ்டிக்குப் போக வேண்டும். 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள கம்ப்யூட்டர், 8 ஜிபி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ளதைவிட அன்றாட ஆபீஸ் வேலைக்குச் சுறுசுறுப்பாக இருப்பதுதான் வழக்கம். அவெய்லபிள் சில நூறு எம்பிக்கு இறங்கி, டிஸ்க்கும் சேர்ந்து 100-ல் நின்றால் ரேம் உண்மையிலேயே பற்றவில்லை. அது நிரம்பி வழிவதை டிஸ்க் தாங்கிக்கொண்டிருக்கிறது.

3. காணாமல் போன ரேமைத் தேடுங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். இன்ஸ்டால்டு ரேம் 8 ஜிபி, அதில் 7.8 ஜிபி யூசபிள் என்று இருந்தால் சரி. 8 போட்டிருந்தும் 3.4 தான் யூசபிள் என்றோ, 4 ஜிபியில் 2 தான் யூசபிள் என்றோ இருந்தால், காசு கொடுத்து வாங்கியதில் பாதி சும்மா கிடக்கிறது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

அதே திரையில் சிஸ்டம் டைப் 32 பிட் என்று இருக்கிறதா? 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. அதிலும் கிராஃபிக்ஸுக்கும் மற்ற சாதனங்களுக்கும் முகவரி ஒதுக்கியது போக 3 முதல் 3.5 ஜிபிதான் கையில் கிடைக்கும். எத்தனை ரேம் போட்டாலும் இது மாறாது. கோவை போய் 8 ஜிபி வாங்கி வந்து மாட்டி, ஒரு வித்தியாசமும் இல்லையே என்று கடைக்காரரைத் திட்டும் கதைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. தீர்வு, 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. அப்கிரேட் பொத்தான் எதுவும் கிடையாது. டிஸ்க்கை அழித்துத்தான் போட வேண்டும். அதே பதிப்பு என்றால் உங்கள் பழைய லைசென்ஸே செல்லும், புதிதாக வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். அரை நாள் வேலை. அதற்கு முன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றுக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துப் பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். டேலிபிரைம் வேண்டுமென்றால் எப்படியும் 64 பிட்டுக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

64 பிட்தான், இருந்தும் ரேம் குறைகிறது என்றால், ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போங்கள். அங்கே 'மேக்சிமம் மெமரி' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருக்கக் கூடாது. 'ரேமை முழுசாகத் திறந்துவிடும் ரகசியம்' என்று வீடியோக்களில் சொல்லித் தருவது இதைத்தான். உண்மையில் அது உச்ச வரம்பு வைக்கும் பெட்டி. டிக் போட்டால் ரேம் குறையுமே தவிர ஒரு எம்பிகூடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' பெட்டியும் அதே ரகம். இரண்டையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் ஹார்ட்வேர் ரிசர்வ்டு 100, 200 எம்பிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். 1 ஜிபி, 2 ஜிபி என்று இருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்கு பயாஸ் ஒதுக்கி வைத்தது. ஏஎம்டி பிராசசர் உள்ளவற்றில் இது சகஜம். பயாஸில் 'யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர்' என்ற பெயரில் இருக்கும். ஆபீஸ் வேலைக்கு 512 எம்பி தாராளம். பிட்லாக்கர் எண் கையில் இல்லாமல் பயாஸுக்குள் போகாதீர்கள்.

இன்ஸ்டால்டு என்ற எண்ணே பாதியாகக் காட்டினால், ஸ்லாட்டில் ஒரு ரேம் சரியாக உட்காரவில்லை அல்லது அதன் காண்டாக்ட் கறுத்திருக்கிறது. அதைக் கழற்றித் துடைக்கும் விதம் எட்டாம் படியில்.

4. ஷட் டவுன் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும்

தினமும் சாயங்காலம் ஷட் டவுன் செய்கிறோம், காலையில் புதிதாகத்தானே தொடங்குகிறது என்று நினைப்போம். இல்லை. விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. ஷட் டவுன் செய்யும்போது புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. ஏதாவது ஒரு பிரிண்டர் டிரைவரோ ஆன்டிவைரஸோ மெமரியைத் திருப்பித் தராமல் பிடித்து வைத்திருந்தால், அந்தப் பிடி நாள் கணக்கில் தொடரும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியில் 'அப் டைம்' பாருங்கள். தினமும் அணைக்கும் கம்ப்யூட்டரில் அது இருபது நாள் என்று காட்டினால் காரணம் இதுதான்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழுசாகக் கழுவி எடுக்கும். வாரம் இரண்டு முறை காலையில் வந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில், கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே எடுத்துவிடலாம். ஹார்டு டிஸ்க் என்றால் விட்டு வையுங்கள். எடுத்தால் ஆன் ஆக இன்னும் நேரமாகும்.

கையோடு டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து, தானாகத் தொடங்குகிறவற்றை டிசேபிள் செய்யுங்கள். பிரிண்டர் உதவியாளர், பாட்டுக் கேட்கும் செயலி, டீம்ஸ், ஒன்டிரைவ் (பயன்படுத்தாவிட்டால்) எல்லாம் போகலாம். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ, கைரேகைக் கருவி, டிஜிட்டல் டோக்கன் தொடர்பானவற்றைத் தொடாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இந்தப் பட்டியலில் அதிகம் தின்பது பெரும்பாலும் அதுதான்.

5. பேஜ் ஃபைல்: நிதானமாகச் செய்ய வேண்டிய படி

ரேமில் இடம் நெருக்கும்போது, உடனடியாகத் தேவைப்படாததை விண்டோஸ் எடுத்து வைக்கும் டிஸ்க் இடம்தான் பேஜ் ஃபைல். அதன் அளவு தவறாக இருப்பதுதான் திடீரென்று புரோகிராம்கள் சாவதற்கு முதல் காரணம்.

ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிலத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று தட்டினால், 'அட்ஜஸ்ட் தி அப்பியரன்ஸ் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆஃப் விண்டோஸ்' என்று வரும். திறந்து அட்வான்ஸ்டு பகுதிக்குப் போங்கள். கீழே விர்ச்சுவல் மெமரி, அதில் சேஞ்ச் பொத்தான். அங்கே மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள்.

மேலே 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' டிக் ஆகியிருந்தால் அதுவே நல்லது. இந்த நிலையில் விண்டோஸ் பேஜ் ஃபைலை ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் எது பெரிதோ அதுவரை வளர்க்கும். ஆனால் டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 120 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டி விண்டோஸில் 111 ஜிபி என்று தெரியும். அதில் எட்டில் ஒரு பங்கு ஏறத்தாழ 14 ஜிபி. 4 ஜிபி ரேம் உள்ளதற்கு 12 ஜிபி வரை போகலாம், போதும். ஆனால் வளர இடம் வேண்டுமே. சி டிரைவில் 3 ஜிபிதான் காலி என்றால் வரம்பு காகிதத்தோடு சரி. ஆகவே முதலில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸ், பழைய விண்டோஸ் பிரதி ஆகியவற்றை அழியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கும் ஆட்களின் ஆதார் படங்கள் ஆண்டுக் கணக்கில் கிடக்கும், அவற்றையும் அழியுங்கள். எப்போதும் 15 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

'கஸ்டம் சைஸ்' என்று 1024, 2048 மாதிரி எண்கள் இருந்தால் முன்பு யாரோ கைவைத்திருக்கிறார்கள். கிரோம் இன்றைய அளவுக்கு மெமரி கேட்காத காலத்தில் வைத்த எண்கள் இவை. டிஸ்க்கில் இடம் இருந்தால் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்புங்கள். இடம் குறைவு, கஸ்டம்தான் வேண்டும் என்றால் கணக்கு இப்படி: இரண்டாம் படியில் குறித்த கமிட்டெட் இடது எண்ணை எடுங்கள். உதாரணத்துக்கு 7.2 ஜிபி. அதோடு 2 ஜிபி சேர்த்தால் 9.2. அதிலிருந்து ரேமைக் கழியுங்கள், 3.9 போனால் 5.3. இதை மேலே தள்ளி 6 ஜிபி என்று வைத்துக்கொண்டால் இனிஷியல் சைஸில் 6144, மேக்சிமம் சைஸில் 8192. இந்தப் பெட்டிகள் எம்பியில் கேட்கும். 1 ஜிபி என்பது 1024 எம்பி. ஜிபி என்று நினைத்து 8 என்று தட்டினால் விண்டோஸ் ஏற்காது.

எண்களைத் தட்டிவிட்டு நேராக ஓகே கொடுக்காதீர்கள். பக்கத்தில் 'செட்' என்று சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் ஓகே கொடுத்தால் எதுவும் மாறியிருக்காது, மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓடும். செட் அழுத்தியதும் மேலே பட்டியலில் எண் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு ஓகே. அளவைக் கூட்டினால் பெரும்பாலும் உடனே அமலாகும். குறைத்தால் ரீஸ்டார்ட் கேட்கும்.

மூன்றாவது நிலை, 'நோ பேஜிங் ஃபைல்'. எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து இதைச் செய்கிறார்கள். செய்யாதீர்கள். கமிட்டெட் வரம்பு ரேம் அளவுக்கே சுருங்கிவிடும், 4 ஜிபி கம்ப்யூட்டரில் கிரோமும் டேலியும் சேர்ந்து ஓடாது. விண்டோஸ் நீலத் திரையில் விழுந்தால் காரணத்தைப் பதிவு செய்யவும் முடியாது.

எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் இரண்டும் இருந்தால் பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். ஒரே டிஸ்க்கை சி, டி என்று பிரித்து வைத்திருப்பவர்கள் டி-க்கு மாற்றுவதால் வேகம் கூடாது, டிஸ்க் ஒன்றுதானே. சி-யில் இடமே இல்லை என்றால் மட்டும் மாற்றலாம், அப்போதும் சி-யில் 1024 எம்பி விட்டு வையுங்கள்.

6. கிரோமும் எக்செல்லும்

டேலி மெமரியில் பெரிதாகத் தின்பதில்லை. தின்பது கிரோம். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள். பார்க்காமல் விட்ட டேப்களைத் தூங்க வைக்கும். சொடுக்கினால் திரும்ப ஏற்றும். அரசு போர்ட்டல்கள், பேங்க், ஹோம்ஸ்டே புக்கிங் பக்கங்கள் தூங்கினால் பாதி நிரப்பிய படிவம் போய்விடலாம். ஆகவே 'ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்' பட்டியலில் அவற்றைச் சேர்த்துவிட வேண்டும். எட்ஜில் இதற்கு ஸ்லீப்பிங் டேப்ஸ் என்று பெயர். கிரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும்.

ரேம் நிறைய மிச்சம் இருந்தும் எக்செல் மட்டும் மெமரி இல்லை என்று சொன்னால், ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் பாருங்கள். 32 பிட் எக்செல், 64 பிட் விண்டோஸில்கூட 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. பழையதை நீக்கிவிட்டு 64 பிட் ஆபீஸ் போட வேண்டும். அதற்கு முன் ஷீட்டில் கண்ட்ரோல், எண்டு அழுத்திப் பாருங்கள். நூறு வரி இலைக் கணக்கில் கர்சர் லட்சமாவது வரிக்கு ஓடினால், கீழே உள்ள வெற்று வரிகளுக்கும் கலர் அடித்து வைத்திருக்கிறார்கள். அதிகப்படி வரிகளை டெலீட் செய்து சேவ் செய்தாலே சரியாகிவிடும்.

7. மலையில் செய்யவே கூடாத ஒன்று, எங்கும் செய்ய வேண்டாத சில

டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பாலிசீஸ் பகுதியில் இரண்டு பெட்டிகள் இருக்கும். முதலாவது ரைட் கேஷிங், அது இருக்கலாம். இரண்டாவது 'டர்ன் ஆஃப் ரைட் கேஷ் பஃபர் ஃபிளஷிங்'. இதை டிக் செய்தால் வேகம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் எழுத வேண்டிய டேட்டா டிஸ்க்கின் தற்காலிக மெமரியிலேயே கிடக்கும், அதை உடனே எழுதி முடி என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லாது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூர், குந்தா பக்கமும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் சாய்ந்து கரண்டு போகாத வாரம் குறைவு. அந்த நொடியில் டேலி கம்பெனி திறந்திருந்தால் டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். யுபிஎஸ் பேட்டரி மூன்று வருடப் பழசு என்றால் யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். இந்த டிக்கை யாராவது போட்டு வைத்திருந்தால் இன்றே எடுங்கள்.

ரேம் பூஸ்டர், ரேம் கிளீனர் செயலிகள் செய்வது ஒன்றுதான்: ஓடும் புரோகிராம்களை ரேமிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, பார், காலி என்று காட்டும். அடுத்த சொடுக்கில் எல்லாம் டிஸ்க்கிலிருந்து திரும்பி வர வேண்டும். ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரில் இது நரகம்.

அணைக்கும்போது பேஜ் ஃபைலை அழிக்கும் ரெஜிஸ்ட்ரி மாற்றம் வேண்டாம். ஷட் டவுன் நிமிடக் கணக்கில் நீளும், யுபிஎஸ்ஸில் ஓடும்போது அது ஆகாது. மெமரி கம்ப்ரஷனை (ரேமில் உள்ளதை விண்டோஸ் சுருக்கி வைக்கும் வசதி) நிறுத்தாதீர்கள், ரேம் குறைந்த கம்ப்யூட்டருக்கு அதுதான் துணை. அடிக்கடி பயன்படுத்துவதை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும் சிஸ்மெயின் என்ற சர்வீஸை மட்டும் சோதித்துப் பார்க்கலாம்: ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரில் ஆன் ஆன முதல் பத்து நிமிடம் டிஸ்க் 100-ல் நின்று, டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மேலே இருந்தால் சர்வீசஸில் நிறுத்திவிட்டு இரண்டு நாள் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்ப ஆன் செய்யுங்கள்.

8. இத்தனைக்கும் பிறகு ரேம் வேண்டுமென்றால்

இரண்டாம் படியில் எழுதிய எண்களை மறுபடி அதே வேலை நேரத்தில் எடுங்கள். அவெய்லபிள் இன்னும் சில நூறு எம்பிதான் என்றால் வாங்க வேண்டியதுதான். 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மேலே சொன்ன வேலைக்கு 8-இலிருந்து 16 ஆக்குவது பெரும்பாலும் தேவையில்லை.

கிளம்பும் முன் பழைய ரேமைக் கழற்றி ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். 'பிசி3எல்-12800எஸ்' என்று இருந்தால் அது லேப்டாப்புக்கான டிடிஆர்3எல் (டிடிஆர் என்பது ரேமின் வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை), 1.35 வோல்ட், 1600 வேகம். 'எல்' இல்லாத 'பிசி3' 1.5 வோல்ட், டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் அது ஆன் ஆகாது. 'பிசி4' என்றால் டிடிஆர்4, நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், டிடிஆர்3 ஸ்லாட்டில் போகவே போகாது. டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டு மாடல் எண்ணையும் படம் எடுங்கள். பழைய ஜி41 போர்டுகள் ஸ்லாட்டுக்கு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. ஹெச்61 போர்டில் ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வரை போகும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி போர்டில் மட்டுமே வேலை செய்பவை. சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்டெல் போர்டில் அது வெறும் அட்டை.

ரேம் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, ஆகவே கிளம்பும் காலையில் கடைக்குப் போன் செய்து விலையையும் இருப்பையும் கேளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள், பொருந்தாவிட்டால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லின் பின்னாலேயே எழுதச் சொல்லுங்கள். சீசன் ஒருவழிப்பாதை, மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவு இரண்டையும் கணக்கில் வைத்தால் மூன்று நாள் அவகாசம் மலைக்காரர்களுக்குப் போதாது. ஒரு வாரமாவது கேளுங்கள். வாய்ப்பிருந்தால் கேபினெட்டையே கையோடு கொண்டுபோய்க் கடையில் மாட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

வீட்டில் மாட்டுவதென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டிருக்கும். கம்பளி ஸ்வெட்டரோடு ரேமைத் தொட்டால் நிலைமின்சாரம் பாய்ந்து அது சாகலாம். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டபின் எடுங்கள். மஞ்சு மூடும் மாதங்களில் பிரச்சினை வேறு: காண்டாக்ட் கறுத்துப்போய், காலையில் ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வரும், திரை வராது. பென்சில் ரப்பரால் தங்க நிறப் பட்டையை மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பத்து நிமிடம் காய விடுங்கள். உப்புத்தாள் கூடாது. மாட்டும்போது இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழ வேண்டும்.

9. மாட்டிய அன்றே சோதனை

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் சோதனை ஓடும். 8 ஜிபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்; எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் தேர்ந்தால் பல மணி நேரம் போகும், அதை இரவில் வையுங்கள். நடுவில் கரண்டு போனால் கெடுதல் ஒன்றும் இல்லை, முதலிலிருந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். முடிந்ததும் முடிவைத் திரையோரத்தில் சில நொடிதான் காட்டும். தவறவிட்டால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 'மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ்' என்று தேடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் ரேமை மாற்றச் சொல்லுங்கள். அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு போனால் கடையில் வாக்குவாதம் குறையும்.

கஸ்டம் பேஜ் ஃபைல் வைத்திருந்தவர்கள் இப்போது ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடலாம். கழற்றிய பழைய ரேமை, புதியது வந்த கவரிலேயே போட்டு, பில்லோடு சேர்த்து வையுங்கள். மாற்றித் தரும் அவகாசம் முடியும்வரை அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.